ஓடு கட்டும் பிராணிகளும் கடல் நீரின் அமிலப்போக்கும்

(பாண்டுப் கழிக்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்ட ஒரு பாடம்)

மும்பை மாநகரின் கிழக்கு விளிம்பில், பாண்டுப் புகைவண்டி நிலையத்திலிருந்து கீழ்த்திசையாகச் சென்று விரைவு நெடுஞ்சாலையைக் கடப்போமாயின், உப்பளப் பாத்திகள் நம் கண்ணுக்குப் புலப்படும். அவற்றைத் தாண்டிப் பம்பு நிலையத்தின் பக்கமாகச் செல்லும் பாதை, கண்டற்காட்டின் நிழலில் புகுந்து, தாணே கழியின் கரையில் முடிகிறது. குளிர்காலந்தொட்டுக் கோடை வரையில் இங்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்குவதால், இக்கழியின் ஒரு பகுதி 2015-ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது.

பறவைகளைக் காண வருவோர் பலர். ஆனால் கடல் வற்றியிருக்கும் வேளையில் குனிந்து சேற்றைப் பார்ப்பவர் சிலரே. அங்கே கோபுரம் போன்ற ஓடுடைய நத்தைகள் ஊர்ந்து செல்கின்றன. கற்களிலும் தூண்களிலும் கொட்டலசுகளும் ஆளிகளும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. சேற்றினுள்ளே மட்டிகள் புதைந்து கிடக்கின்றன. தாணே, ட்ராம்பே, வாஷி முதலிய இடங்களிலுள்ள கோலி மீனவ மக்கள் மட்டியைத் ‘திசர்யா’ என்றும், ஆளியைக் ‘காலவ்’ என்றும் அழைப்பர். இவற்றைக் கையால் பொறுக்கிச் சந்தையில் விற்பது அக்குலப் பெண்டிரின் பழைய தொழில்களுள் ஒன்று.

இப்பிராணிகள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. தம் வீட்டைத் தாமே, கடல் நீரிலிருந்தே, கட்டிக்கொள்பவை இவை. அந்த நீரின் இரசாயன நிலை மெல்ல மெல்ல மாறி வருகிறது. அம்மாற்றம் எத்தகையது, அது ஓடுடைய பிராணிகளை எவ்வாறு தாக்குகிறது, தாணே கழி போன்ற ஓரிடத்தில் அதனை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. ஓடு எதனால் ஆனது?

வெற்றிலையுடன் சேரும் சுண்ணாம்பு பல ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டுப் பெறப்படுவது என்பதை நாம் அறிவோம். கிளிஞ்சலும் சங்கும் சோழியும் பெரும்பாலும் கால்சியம் கார்பொனேட்டு என்னும் பொருளாலானவை. ஆயினும் அப்பொருள் எல்லா ஓடுகளிலும் ஒரே படிக வடிவில் அமைந்திருப்பதில்லை. கால்சைட்டு, அரகொனைட்டு என அது இரு முக்கிய வடிவங்களில் காணப்படுகிறது. இவ்விரண்டினுள் அரகொனைட்டே நீரில் எளிதிற் கரையக்கூடியது.

மட்டி, சங்கு, பெரும்பாலான கடல் நத்தைகள் ஆகியவற்றின் ஓடு அரகொனைட்டினால் ஆனது. முதிர்ந்த ஆளியின் ஓடும் கொட்டலசின் தட்டுகளும் கால்சைட்டினால் ஆனவை. தூத்துக்குடிக் கடலிலுள்ள முத்துச்சிப்பியில் இவ்விரண்டும் உண்டு. அதன் வெளிப்புறம் கால்சைட்டு, உட்புறத்துப் பளபளக்கும் பூச்சு அரகொனைட்டு. முத்தும் அந்த உட்பூச்சின் பொருளாலேயே உருவாகிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ள பள்ளிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அவர்கள் வீட்டிலுள்ள ஒரு சங்கையோ சிப்பியையோ கொண்டுவரச் செய்து, ஆசிரியர் இப்பாடத்தைத் தொடங்கலாம்.

ஆளியைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். முதிர்ந்த ஆளியின் ஓடு கால்சைட்டாக இருப்பினும், முட்டையிலிருந்து வெளிப்பட்ட அதன் இளம்பருவம் முதன்முதலாகக் கட்டும் ஓடு அரகொனைட்டேயாகும். இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

2. கடல் நீரில் நிகழும் மாற்றம்

நிலக்கரி, பெட்ரோலியம் முதலிய எரிபொருள்களை எரிப்பதால் வாயுமண்டலத்தில் கரியமிலவாயு பெருகி வருகிறது. யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. சர்வதேசப் பூகோள பௌதிக ஆண்டையொட்டி, 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனாலோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி இதனைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு அளவில் இருந்தது. இன்றோ 420 பங்கையும் கடந்துவிட்டது.

மனிதர் வெளிவிடும் கரியமிலவாயு முழுவதும் காற்றிலேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. இதனால் பூமி வெப்பமடைவது ஓரளவு தணிகிறது என்பது உண்மையே. ஆயினும் கடல் இந்த உதவியை விலையின்றிச் செய்வதில்லை.

நீரில் கரைந்த கரியமிலவாயு, நீருடன் கூடிக் கார்பானிக் அமிலமாகிறது. அவ்வமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. இவ்வயனிகளோ, கடல் நீரில் ஏற்கெனவே உள்ள கார்பொனேட்டு அயனிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றைப் பைகார்பொனேட்டாக மாற்றிவிடுகின்றன. ஆகவே இரு விளைவுகள் ஒருங்கே நிகழ்கின்றன. ஹைட்ரஜன் அயனிகள் மிகுகின்றன. கார்பொனேட்டு அயனிகள் குறைகின்றன. கார்பொனேட்டு குறையக் குறைய, சுண்ணாம்புப் பொருள் படிவது கடினமாகிறது. படிந்தது கரைவது எளிதாகிறது. நீரில் கால்சியமும் கார்பொனேட்டும் பூரித நிலைக்கு மேல் இருக்கும்வரை ஓடு நிலைத்து நிற்கும். பூரித நிலைக்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பற்ற ஓடு கரையத் தொடங்கும்.

3. ‘அமிலம்’ என்னும் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை

கடல் அமிலமாகிறது என்று கேட்ட மாத்திரத்தில், கடல் நீர் எலுமிச்சைச் சாறு போலாகிவிடும் என்று மாணவர் எண்ணிக்கொள்வர். இது தவறு. அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவையில் 7 என்பது நடுநிலை; அதற்கு மேற்பட்டது காரம், கீழ்ப்பட்டது அமிலம். திறந்த கடலின் மேற்பரப்பு நீர் முன்னர் ஏறத்தாழ 8.2 ஆக இருந்து, இப்பொழுது ஏறத்தாழ 8.1 ஆகக் குறைந்துள்ளது. ஆகவே கடல் இன்றும் காரமானதே. அதன் காரநிலை அமிலத்தின் திசையில் நகர்கிறது என்பதே பொருள். இதனாலேயே இக்கட்டுரையில் ‘அமிலப்போக்கு’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

0.1 என்பது அற்பமான வேறுபாடன்றோ என்று சிலர் கேட்கலாம். பி.எச். அளவை பத்தின் மடக்கை முறையில் அமைந்தது. ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகின்றன. 0.1 குறைந்தால் அவை 1.26 மடங்காகின்றன. அதாவது, நூற்றுக்கு இருபத்தாறு வீதம் மிகுந்துவிட்டன. உயர்நிலை வகுப்பு மாணவர்கள் மடக்கை அட்டவணையைக் கொண்டு இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

4. முதல் இரண்டு நாட்கள்

ஓடுடைய பிராணி கடல் நீரில் நேரடியாக ஓட்டைக் கட்டுவதில்லை. அதன் உடலைச் சூழ்ந்துள்ள மென்மையான போர்வைத் தோலுக்கும் ஓட்டிற்கும் இடையே சிறிதளவு திரவம் உண்டு. அத்திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாது வெளியேற்றி, அதனைச் சுண்ணாம்பு படிவதற்கேற்ற நிலையில் அப்பிராணி வைத்துக்கொள்கிறது. தோணியில் புகும் நீரை மீனவர் இறைத்துக்கொண்டே இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம். வெளிநீரில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுந்தால் இறைக்கும் வேலையும் மிகுகிறது. அவ்வேலைக்கு உணவிலிருந்து பெறும் சக்தி செலவாகிறது. அந்த அளவிற்கு வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் எஞ்சும் சக்தி குறைகிறது.

முதிர்ந்த பிராணி இச்செலவை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஓட்டின்மீதுள்ள புறத்தோலும் அதற்குக் காப்பாக உதவுகிறது. ஆனால் லார்வா என்னும் இளம்பருவத்தின் நிலை வேறு. ஆளியின் முட்டை கருவுற்ற ஓரிரு நாட்களுக்குள், ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் ஒரு நுண்ணிய ஓடு தோன்றிவிட வேண்டும். பசிபிக் ஆளியில் நடத்திய ஆராய்ச்சியின்படி, முதல் 48 மணி நேரத்திற்குள் அதன் உடல் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் சுண்ணாம்பு ஓடாகிவிடுகிறது. இவ்வளவு வேலைக்கும் முட்டையில் தாய் வைத்த சிறு உணவுச் சேமிப்பே மூலதனம். வாயும் இரைப்பையும் அமைந்து, தானே உணவு கொள்ளும்வரை வேறு வரவு இல்லை. மேலும், இவ்வோடு எளிதிற் கரையும் அரகொனைட்டால் ஆனது. திரவத்தைக் காக்கும் தோலும் இன்னும் முழுமையாக அமையவில்லை.

இத்தருணத்தில் நீரின் கார்பொனேட்டு குறைந்திருந்தால், சேமிப்பு முழுவதும் ஓடு கட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. பல லார்வாக்கள் இறக்கின்றன. பிழைத்தவையும் வலிமை குன்றிப் பின்னர் மடிகின்றன. ஆகவே, கடலில் வளர்ந்த சிப்பிகள் கரைந்துபோவதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் இத்தீங்கைக் காணவே மாட்டார். முதியவை இருந்தபடியே இருக்கும். இளையவை வந்து சேரா. சில ஆண்டுகளுக்குப் பின்னரே படுகை வெறுமையாவது தெரியவரும்.

5. ஓரிகான் பொரிப்பகத்தில் கற்ற பாடம்

இது வெறும் அனுமானமன்று. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாக் கரையிலுள்ள ஆளிப் பொரிப்பகம் ஒன்றில், 2007-ஆம் ஆண்டுமுதல் லார்வாக்கள் பெருந்தொகையாக மடிந்தன. முதலில் நோய்க்கிருமிகளே காரணம் என எண்ணப்பட்டது. கிருமிகளை நீக்கிய பின்னரும் சாவு நிற்கவில்லை. பின்னர் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, காற்றின் வேகத்தால் ஆழ்கடலிலிருந்து மேலெழுந்து வந்த, கரியமிலவாயு மிகுந்த நீரைப் பொரிப்பகம் உள்ளிழுத்ததே காரணம் எனத் தெரியவந்தது. முட்டைகள் கருவுற்ற நாளில் தொட்டியிலிருந்த நீரின் நிலை, பல நாட்களுக்குப் பின்னர் லார்வாக்கள் பிழைப்பதையும் மடிவதையும் தீர்மானித்தது.

பரிகாரம் எளிமையாகவே அமைந்தது. நீரின் இரசாயன நிலையை இடைவிடாது அளந்து, நல்ல நீர் கிடைக்கும் வேளையில் தொட்டிகளை நிரப்பினர். தேவைப்பட்டபோது சோடியம் கார்பொனேட்டு சேர்த்து நீரைச் சீர்செய்தனர். பொரிப்பகம் மீண்டும் நடைபெறலாயிற்று.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். பின்னர் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டிகளில் பொரிக்கும் முறையும் கைகூடிற்று. பொரிப்பகப் பணியாளர்கள் நீரின் உப்பையும் வெப்பத்தையும் குறிப்பதுபோலவே, பி.எச். நிலையையும் காரத்தன்மையையும் நாள்தோறும் குறித்து வருவது நலம். மேற்குக் கரையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆழ்நீர் மேலெழுந்து கரையை நெருங்குகிறது. பிராணவாயு குன்றிய அத்தகைய நீர் 1999-ஆம் ஆண்டில் மிகக் கடுமையாகப் பரவியிருந்ததைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டறிந்தனர். பிராணவாயு குறைந்த ஆழ்நீரில் கரியமிலவாயு மிகுந்திருப்பது இயல்பு.

6. எல்லாப் பிராணிகளும் ஒன்றுபோல் பாதிக்கப்படுவதில்லை

ஒரு விளைவை எல்லா உயிர்களுக்கும் பொதுவாகக் கூறிவிடுவது விஞ்ஞான முறையாகாது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், ஓடு அல்லது சுண்ணாம்புக் கூடுடைய 18 வகைப் பிராணிகளைக் கரியமிலவாயு மிகுந்த நீரில் வளர்த்துப் பார்த்தனர். 10 வகைகளில் ஓடு கட்டும் வேகம் குறைந்தது. நண்டு, இறால் முதலியவை உள்ளிட்ட 7 வகைகளில் சில நிலைகளில் அது மிகுந்தது. நீல நிற மஸ்ஸல் சிப்பி ஒன்றில் மாற்றமே காணப்படவில்லை.

ஜெர்மனியின் கீல் கடற்கழியில் இயல்பாகவே கரியமிலவாயு மிகுந்த நீர் உண்டு. ஆயினும் அங்கே மஸ்ஸல் சிப்பிகள் செழித்து வளர்கின்றன. உணவு மிகுந்திருப்பதால் கூடுதல் செலவை அவை ஈடுசெய்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம். மாறாக, புரூணை நதியின் கழிமுகத்தில், அமிலத்தன்மை வாய்ந்த மண்ணிலிருந்து வடியும் நீரில் வாழும் நத்தைகளின் ஓடுகள் அரிக்கப்பட்டிருப்பதை 2008-இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. அமிலம் மிகுந்த பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல அரிப்பும் மிகுந்திருந்தது. உணவும், இடமும், பிராணியின் இனமும், பருவமும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன.

7. தாணே கழி: இரு வழியாக வரும் கரியமிலவாயு

இனி நம் கழிக்கரைக்குத் திரும்புவோம். தாணே கழி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்கே குறுகிய பாதையால் உல்லாஸ் நதியின் கழிமுகத்துடனும், தெற்கே அகன்று மும்பைத் துறைமுகத்துடனும் அது தொடர்புகொண்டுள்ளது. பாண்டுப், முலுண்டு முதலிய ஊர்களை ஒட்டிய மேற்பகுதி குறுகலானது. சேறு படிந்து ஆழம் குறைந்தது. மழைக்காலம் நீங்கிய மாதங்களில் நன்னீர் வரவு சிறிதே. ஓதம் ஏறி இறங்கினும், உட்புகுந்த கழிவு முற்றும் வெளியேறக் காலம் ஆகிறது.

திறந்த கடலுக்குக் கரியமிலவாயு பெரும்பாலும் காற்றிலிருந்தே கூடுகிறது. கழிக்கோ அது இரு வழியாக வருகிறது. காற்றிலிருந்து வருவது ஒன்று. சாக்கடை நீரிலும் குப்பையிலும் உள்ள உயிர்ப்பொருள்களை நுண்கிருமிகள் சிதைக்கும்போது, நீரிலுள்ள பிராணவாயு செலவாகிக் கரியமிலவாயு தோன்றுகிறது, இது மற்றொன்று. மும்பை, தாணே, நவி மும்பை ஆகிய மூன்று நகரங்களுக்கு இடையே அமைந்த இக்கழிக்கு இரண்டாவது வழியே பெரிது.

இவ்விரண்டும் சேரும்போது விளைவு வெறும் கூட்டலாக நிற்பதில்லை. கடல் நீருக்கு அமிலத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் ஒன்றுண்டு; கார்பொனேட்டே அதன் முக்கிய துணை. காற்றிலிருந்து வந்த வாயு கார்பொனேட்டை முன்னரே குறைத்துவிட்டால், அதே அளவு சாக்கடை முன்னைவிட மிகுதியாக பி.எச். நிலையைத் தாழ்த்துகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் கடற்பகுதியில் இவ்வுண்மை 2011-இல் எடுத்துக்காட்டப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கழி தாங்கிய அழுக்கை, அதே கழி இன்று அவ்வளவு எளிதாகத் தாங்காது.

பருவமழையும் இதில் பங்குகொள்கிறது. மும்பையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மழைநீரில் உப்பும் காரத்தன்மையும் மிகக் குறைவு. கழி நீர் அதனோடு கலந்து நீர்த்துப்போகும்போது அமிலத்தை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது. மழைக்குப் பின்னர் உப்பு நிலை மீளும் பருவத்தில் மட்டி வகைகள் பல இனம் பெருக்குகின்றன. ஆகவே நீர் எவ்வளவு விரைவில் தன் நிலைக்குத் திரும்புகிறது என்பது அவ்வாண்டின் மட்டிக் குஞ்சுகளுக்கு உயிர்ப்பிரச்சினையாகும்.

கழியில் பி.எச். ஒரு நாளிலேயே 0.1-க்கு மேல் ஏறி இறங்கலாம் என்பது உண்மை. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் கரியமிலவாயுவை எடுத்துக்கொள்வதால் அது உயர்கிறது. இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் தாழ்கிறது. அவ்வாறாயின் கழிப் பிராணிகள் பழகிவிட்டன என்று சொல்லலாமோ? ஏற்றஇறக்கம் பழகியதே. ஆனால் அடிமட்டம் தாழத் தாழ, கெட்ட நேரத்தின் நீளம் கூடுகிறது. இரவில் சில நாழிகை மூச்சைப் பிடித்திருக்கப் பழகியவன், பகலிலும் பிடித்திருக்க வேண்டுமெனில் என் செய்வான்?

கழியில் மட்டியும் மீனும் குறைவதற்கு அமிலப்போக்கு ஒன்றே காரணம் என்று கொள்ளலாகாது. சேறு படிதல், கரையை நிரப்புதல், தொழிற்சாலைக் கழிவு ஆகியனவும் உண்டு. ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்கும் பிராணிமீது ஏறும் இன்னொரு சுமையே இது. அதனாலேயே அளவறிந்து பேசுவது இன்றியமையாததாகிறது.

8. களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன

(அ) லிட்மஸ் தாளும் சாதாரண நிறத்தாளும் இவ்வேலைக்கு உதவா. நாம் தேடும் வேறுபாடு 0.1 அளவினது. மின்முனைக் கருவியை ஒவ்வொரு நாளும் தரக் கரைசல்களில் சரிபார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

(ஆ) நீரைக் கண்ணாடிப் புட்டியில், குமிழி தங்காதபடி விளிம்புவரை நிரப்பி உடனே மூட வேண்டும். திறந்த வாளியில் வைத்த நீர் காற்றோடு வாயுவைப் பரிமாறிக்கொண்டு பொய்யான அளவைத் தரும்.

(இ) பி.எச். மட்டும் போதாது. வெப்பநிலை, உப்புத்தன்மை, மொத்தக் காரத்தன்மை ஆகியவற்றையும் அதே வேளையில் எடுத்தாலன்றிக் கார்பொனேட்டின் அளவைக் கணக்கிட இயலாது. காரத்தன்மையை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டு அளந்தறியலாம்.

(ஈ) நாள், மணி, ஓதத்தின் நிலை, ஆழம் ஆகியவற்றை எழுதாத அளவு பயனற்றது. ஒருவர் பிற்பகல் ஏற்றத்திலும், மற்றொருவர் விடியற்கால வற்றத்திலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் இல்லாத மாறுதல் இருப்பதாகத் தோன்றும். விடியற்காலத்தில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக எடுப்பது சிறந்தது.

(உ) நீரோடு உயிரையும் எண்ண வேண்டும். ஆளி ஓடுகளைக் கயிற்றில் கோத்து ஒரே இடத்தில் தொங்கவிட்டு, மாதந்தோறும் அவற்றில் வந்து ஒட்டிய குஞ்சுகளை எண்ணலாம். நத்தைகளின் ஓட்டு நுனி அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் குறிக்கலாம். முதிய நத்தைகளில் வேறு காரணங்களாலும் நுனி தேயுமாதலால், ஒரே அளவுடையவற்றையே ஒப்பிட வேண்டும்.

(ஊ) ஓர் ஆண்டின் அளவைக் கொண்டு முடிவு கூறலாகாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், பல ஆண்டுகள் எழுதி வைத்த ஏடே மதிப்புடையது.

9. வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

முதற் சோதனை. சிறு கிளிஞ்சல் ஒன்றை வினிகர் என்னும் காடியில் இடுக. குமிழிகள் எழும். அவை கரியமிலவாயு. ஓடு கார்பொனேட்டால் ஆனது என்பதை மட்டுமே இது காட்டுகிறது. கடல் நீர் காடியாவதில்லை என்பதை ஆசிரியர் உடனே எடுத்துரைக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை. வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிறிது நீரில் கலக்கி, இரவு முழுதும் தெளியவிட்டு, மேலுள்ள தெளிந்த நீரை இறுத்து, சம அளவு நீர் சேர்த்துக்கொள்க. ஓர் உறிஞ்சு குழாயால் அதனுள் மூச்சை மெல்ல ஊதுக. முதலில் நீர் பால்போல் வெளுக்கும். சுண்ணாம்புக் கார்பொனேட்டு தோன்றிவிட்டது. பெரும்பாலான ஆசிரியர்கள் இத்துடன் சோதனையை முடித்துவிடுவர். நிறுத்தாமல் மேலும் பல நிமிடங்கள் ஊதிக்கொண்டே இருந்தால், வெளுத்த நீர் மறுபடியும் தெளிவடையும். தோன்றிய கார்பொனேட்டு, மிகுதியாக வந்த கரியமிலவாயுவினால் பைகார்பொனேட்டாக மாறிக் கரைந்துவிட்டது. கடலில் ஓட்டுக்கு நேரும் இன்னல் இந்தக் கிண்ணத்திலேயே தெரிகிறது. தெளிந்த நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி மீண்டும் வெளுப்பதையும் காட்டலாம். மாணவர்கள் குழாயை உறிஞ்சாதபடியும், சுண்ணாம்பு நீர் கண்ணிற் படாதபடியும் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடமை.

மூன்றாம் சோதனை. மூன்று கண்ணாடிக் குவளைகளில் முறையே கடல் நீர், பாதி கடல் நீரும் பாதி மழைநீரும், தனி மழைநீர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து, புரோமோதைமால் நீலக் கரைசலைச் சில துளிகள் இடுக. ஒவ்வொன்றிலும் ஒரே வகையாக மூச்சை ஊதி, நிறம் மஞ்சளை நோக்கி மாற எடுக்கும் நேரத்தைக் குறிக்கச் செய்க. மழைநீர் விரைவில் மாறும், அல்லது முதலிலேயே மஞ்சளாயிருக்கும். கடல் நீர் நெடுநேரம் எதிர்த்து நிற்கும். பருவமழைக் காலத்தில் கழி நீரின் எதிர்ப்பாற்றல் ஏன் குறைகிறது என்பது இதனால் விளங்கும்.

10. செய்யத்தக்கது என்ன?

காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் குறைப்பது எல்லா நாடுகளும் கூடிச் செய்ய வேண்டிய நெடுங்காலப் பணி. பாண்டுப் கரையில் நிற்கும் ஒரு பணியாளரால் அது ஆகக்கூடியதன்று. ஆனால் கழிக்கு வரும் இரண்டாவது வழியை அடைப்பது அந்தந்த நகரத்தின் கையில் உள்ளது. சாக்கடை நீர் முற்றும் சுத்திகரிக்கப்பட்டுக் கழியிற் சேருமாயின், அழுகல் குறையும், பிராணவாயு மிகும், கரியமிலவாயு தணியும். ஓதம் தடையின்றிப் புகுந்து வெளியேறக் கால்வாய்களைத் திறந்து வைப்பதும் உதவும். கண்டற்காட்டுச் சேற்றிலிருந்து காரத்தன்மை வெளியேறிக் கழி நீரிற் சேர்வதை ஆஸ்திரேலியக் கரையில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே கண்டலைக் காப்பது பறவைக்கும் மீனுக்கும் மட்டுமன்றி, ஓட்டுக்கும் காப்பாகும்.

இன்னொரு சிறு வழியும் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில், அழுகல் மிகுந்த சேற்றின் மேற்பரப்பில் புதிதாக இறங்கிய மட்டிக் குஞ்சுகள் கரைந்து மடிவதைக் கண்ட விஞ்ஞானிகள், நொறுக்கிய ஓடுகளை அச்சேற்றில் தூவிப் பார்த்தனர். அவ்வோடுகள் கரைந்து சேற்றின் அமிலத்தைத் தணித்தன. குஞ்சுகள் மிகுதியாகத் தங்கின. நாம் தின்று எறியும் கிளிஞ்சல் குப்பைமேட்டிற்குச் செல்வதைவிட, தகுந்த ஆராய்ச்சியின் பின் கழிக்கே திரும்புவது பொருத்தமன்றோ? கழியிலிருந்து எடுத்த சுண்ணாம்பு கழிக்கே கடனாகத் திரும்புகிறது.

முத்தும் சங்கும் நம் நாட்டின் பழஞ்செல்வங்கள். திசர்யாவோ ஏழைக் குடும்பத்தின் அன்றாட உணவு. இவை யாவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு லார்வாவின் முதல் இரண்டு நாட்களைப் பொறுத்தே உள்ளன. அவ்விரு நாட்களில் கழி நீர் எந்நிலையில் இருந்தது என்பதை எழுதி வைக்கும் பணியாளரும், அதன் பொருளை மாணவருக்கு உணர்த்தும் ஆசிரியரும் நாட்டுக்கு ஆற்றும் தொண்டு சிறிதன்று.

பயிற்சி வினாக்கள்

1. கடல் நீரின் பி.எச். 8.2-லிருந்து 8.1 ஆகக் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் எத்தனை மடங்காகும்? கணக்கிட்டுக் காட்டுக.

2. முதிர்ந்த ஆளியைவிட அதன் லார்வா அமிலப்போக்கினால் மிகுதியாகப் பாதிக்கப்படுவதற்கு மூன்று காரணங்கள் கூறுக.

3. திறந்த கடலுக்கும் தாணே கழிக்கும் கரியமிலவாயு வந்து சேரும் வழிகளில் உள்ள வேற்றுமை யாது?

4. விடியற்கால அளவையும் பிற்பகல் அளவையும் ஒன்றாகக் கொண்டு முடிவு கூறுவது ஏன் தவறாகும்?

5. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கழி, ஏரி அல்லது கடற்கரையில் வாழும் ஓடுடைய பிராணிகளை அவ்வூர்ப் பெயர்களோடு பட்டியலிடுக. அவற்றைச் சேகரிக்கும் முதியோரிடம், முன்பு எங்கே மிகுதியாகக் கிடைத்தன, இப்போது எங்கே கிடைக்கின்றன எனக் கேட்டு எழுதுக.